பொன்னேரிக்குக் கொண்டுபோங்க!

குப்பத்து நோயாளிக்கு மருத்துவத் துறையினர் பட்டிருக்கும் கடமை எங்கே தொடங்குகிறது? பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு பார்வை.

திருக்கை மீனின் வால் முள் ரம்பம் மாதிரி இரண்டு பக்கமும் பல் வைத்தது. உள்ளே போகும்போது ஒரு துளைதான். வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். குத்திய நொடியில் தொடங்கும் வலி ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் வரை ஏறிக்கொண்டே போகும். பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கும் ஆண்களுக்கும், நாளெல்லாம் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் இது புதிதல்ல. கெளுத்தி முள், சிப்பி வெட்டு, நண்டுக் கடி என்று ஏரி தரும் காயங்களோடு இதுவும் ஒன்று.

முதல் வைத்தியம் எளிதானது. பொறுக்கிற அளவு சூடான வெந்நீரில் காலை அமிழ்த்தி வைத்தால் அந்த விஷத்தின் வீரியம் குறையும், வலி தணியும். காயத்தைச் சுத்தமான தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். டி.டி. ஊசி போட வேண்டும். முள் துண்டு உள்ளே ஒடிந்து தங்கியிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறதா என்று கேட்க வேண்டும், ஏனென்றால் உப்புத் தண்ணீர்க் காயம் சர்க்கரைக்காரருக்குக் காலையே வாங்கிவிடும். இந்த ஐந்தில் எக்ஸ்ரேவுக்கு மட்டும்தான் பெரிய ஆஸ்பத்திரி வேண்டும். மற்ற நான்கும் ஒரு துணை சுகாதார நிலையத்தில் முடியக்கூடியவை.

ஆனால் குப்பத்துக்காரர்களின் காதில் பழகிப்போன வாக்கியம் வேறு: ‘பொன்னேரிக்குக் கொண்டுபோங்க.’ பொன்னேரி ஏறத்தாழ 20 கிலோமீட்டர். அங்கே போனால் சென்னை அரசு ஆஸ்பத்திரிக்கு வழிகாட்டும் அடுத்த வாக்கியம் காத்திருக்கும்: ‘ஸ்டான்லிக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.’ மீஞ்சூர், எண்ணூர் பக்கமாகப் போனால் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆம்புலன்ஸ் ஊர்ந்து போக வேண்டும். மேல்சிகிச்சைக்கு அனுப்புவதில் தப்பு ஒன்றும் இல்லை. எல்லா வசதியும் எல்லா ஊரிலும் இருக்க முடியாது. அனுப்புவதற்கு முன்னால் அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் என்ன செய்தார், என்ன சொன்னார், சீட்டில் என்ன எழுதினார் என்பதில்தான் சட்டமும் தர்மமும் அடங்கியிருக்கின்றன. பழவேற்காட்டைப் பொறுத்தவரை மருத்துவ நெறி என்பது பெரும்பாலும் இந்த அனுப்பிவைக்கும் நெறிதான் என்று நான் நினைக்கிறேன்.

சிலிக்காவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனை மட்டும் திருவள்ளூர் மாவட்டம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீளும் மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், கோரைக்குப்பம் என்று குப்பங்கள். ஏரிக்குள்ளே இருக்கம் தீவு ஆந்திர எல்லைக்குள் இருக்கிறது. ஆனால் பேச்சு தமிழ், போக்குவரத்து படகு. மழைக்காலத்தில் ஆரணி ஆறு பெருகினால் தாழ்வான பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும். இங்கே நோயாளியை நகர்த்துவது என்றாலே தோணி, ஷேர் ஆட்டோ, 108 ஆம்புலன்ஸ் என்று மூன்று வண்டி மாறுகிற கதை. 2011 டிசம்பர் 25 அன்று இங்கே சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். தண்ணீர் நடுவே உயிர் ஊசலாடும்போது கரை எவ்வளவு தூரம் என்று அன்று ஊர் முழுக்கப் பார்த்தது.

போலீஸ் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது

1980-களின் கடைசியில் வடக்கே ஒரு சம்பவம். ஸ்கூட்டரில் போனவரைக் கார் மோதித் தள்ளியது. வழியில் போன ஒருவர் தூக்கிக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இது போலீஸ் கேஸ், இதையெல்லாம் பார்க்க எங்களுக்கு அனுமதி இல்லை என்று சொல்லி, 20 கிலோமீட்டர் தள்ளியிருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்கள். அடிபட்டவர் வழியிலேயே இறந்துபோனார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28-ல் வந்த தீர்ப்பு இன்றுவரை இந்த விஷயத்தில் அடித்தளம். உயிரைக் காப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை. அவர் அரசு மருத்துவரா தனியாரா என்பது பொருட்டல்ல. காயம்பட்டவர் குற்றவாளியா அப்பாவியா என்பதும் பொருட்டல்ல. முதலில் சிகிச்சை, சடங்கெல்லாம் பிறகு. வாழ்வுரிமையைச் சொல்லும் அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவிலிருந்தே இந்தக் கடமையை நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

அந்த 20 கிலோமீட்டரைக் கவனியுங்கள். பழவேற்காட்டுக்காரர்களுக்கு அந்தத் தூரத்தை யாரும் விளக்கத் தேவையில்லை.

இன்னும் நெருக்கமான கதை மேற்கு வங்கத்தில் இருக்கிறது. சுந்தரவனக் காட்டை ஒட்டிய தெற்கு 24 பர்கானா மாவட்டம். அதுவும் ஆறும் உப்பங்கழியும் பின்னிக் கிடக்கும் ஊர்தான். 1992 ஜூலை 8 மாலை, ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளி மதுராப்பூர் ஸ்டேஷனில் ரயிலிலிருந்து விழுந்தார். தலையில் பலத்த அடி. அங்கிருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க என்றார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன்பு கொல்கத்தா என்.ஆர்.எஸ். மருத்துவக் கல்லூரிக்கு வந்தால், உடனே சேர்க்க வேண்டிய கேஸ், ஆனால் படுக்கை இல்லை என்றார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை. அதற்கடுத்ததில் நரம்பு அறுவை சிகிச்சை இல்லை. இப்படி இரவெல்லாம் அரசு ஆஸ்பத்திரி மாறி அரசு ஆஸ்பத்திரியாகச் சுற்றி, கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்ந்தார். ஏறத்தாழ 17,000 ரூபாய் செலவு. அன்றைக்கு ஒரு விவசாயக் கூலிக்கு அது எத்தனை மாதச் சம்பாத்தியம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அவர் சார்ந்த பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி என்ற விவசாயத் தொழிலாளர் அமைப்பு தொடுத்த வழக்கில் 1996 மே 6-ல் உச்ச நீதிமன்றம் 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தொகையைவிட, தீர்ப்போடு வந்த வழிகாட்டுதல்கள்தான் முக்கியம். நோயாளியின் நிலையைச் சீராக்கி அனுப்பும் அளவுக்காவது ஆரம்ப சுகாதார நிலையங்களில் வசதி வேண்டும். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளைத் தரம் உயர்த்த வேண்டும். எந்த ஆஸ்பத்திரியில் படுக்கை காலி என்று உடனே தெரிந்துகொள்ள மையத் தொடர்பு வேண்டும். கருவிகளும் ஆட்களும் உள்ள ஆம்புலன்ஸ் வேண்டும். பணம் இல்லை என்று அரசு கை விரிக்க முடியாது. முப்பது வருஷத்துக்கு முந்தைய பட்டியல் இது. தமிழ்நாடு 2008 செப்டம்பரில் 108-ஐக் கொண்டுவந்தது. பல மாநிலங்களைவிட நம் ஆரம்ப சுகாதார நிலையங்கள் மேலானவை என்பதிலும் சந்தேகமில்லை. ஆனாலும் இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் மணல் திட்டிலிருந்து ஸ்டான்லி வரை பயணம் செய்தால், எத்தனை வரியில் டிக் போடுவார் என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு சின்ன முரண். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கானது. படகு எந்திரத்தில் கை சிக்கியவர் சாலையில் அடிபடவில்லை. திட்டத்தின் வாசகம் அவரைத் தொடாவிட்டாலும், கட்டாரா தீர்ப்பு அவரையும் சேர்த்துத்தான் பேசுகிறது. தனியார் ஆஸ்பத்திரியாக இருந்தாலும் முதலுதவி செய்து உயிரை நிலைப்படுத்தும் முன் முன்பணம் கட்டச் சொல்லிக் காக்க வைக்க முடியாது.

பாம்புக் கடியில் இந்தக் கடமை இன்னொரு முகம் காட்டும். நம் நாட்டில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குக்குத்தான் தயாராகிறது. அதற்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பதில் பெரும்பங்கு மாமல்லபுரம் பக்கத்து இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்துடையது. வலையில் சிக்கி வரும் கடல் பாம்பு அந்த நான்கில் இல்லை. கடித்தால் மூச்சுத் தசைகள் சோர்ந்துபோகலாம். செயற்கைச் சுவாசம் இருக்கும் இடத்துக்குத்தான் நேராகப் போக வேண்டும். ‘ஊசி போட்டாச்சு, பார்க்கலாம்’ என்று உட்காரவைப்பது இங்கே நேரத்தைத் தின்னும். எங்கே போனால் பலன் உண்டோ அங்கே நேராக அனுப்புவது, போகிற இடத்துக்கு முன்கூட்டிப் போன் போட்டுச் சொல்வது, என்ன கடித்தது, எத்தனை மணிக்கு, என்ன மருந்து கொடுத்தோம் என்று சீட்டில் எழுதிக் கொடுப்பது. இந்த மூன்றும் செய்தால் ‘கொண்டுபோங்க’ என்பது சிகிச்சை. செய்யாவிட்டால் கைகழுவல்.

பாடு வரும் நாளில் யார் படுத்திருப்பார்?

ஏரியில் எல்லோரும் எல்லா இடத்திலும் வலை போட்டுவிட முடியாது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர்மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை இருக்கிறது. முகத்துவாரத்தை ஒட்டி இறால் விழும் இடங்களை ஊர்க் கட்டுப்பாட்டின்படி முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். தன் முறை வரும் நாளை விட்டால் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஆகவே நெஞ்சு வலியோடு படுக்கையில் இருப்பவர்கூட, நாளைக்கு என் பாடு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன் என்று எழுந்துவிடுவது நடக்கக்கூடியதுதான்.

ஆஸ்பத்திரிப் பக்கத்தில் இதற்கு ஒரு ஃபார்ம் தயாராக இருக்கும். மருத்துவர் சொல்லையும் மீறி என் பொறுப்பில் போகிறேன் என்று கைநாட்டு வாங்கிக்கொள்வார்கள். அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். முடியவில்லை. போனால் என்ன ஆகும் என்று அவருக்குப் புரியும் பேச்சில் சொன்னார்களா, குறைந்தபட்ச மருந்தைக் கையில் கொடுத்தார்களா, திரும்பி வந்தால் முகம் சுளிக்காமல் சேர்ப்பார்களா என்று கேள்விகள் பாக்கி இருக்கின்றன. 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள் நோயின் கடுமையைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது என்கின்றன. ஏற்றுக்கொண்ட நோயாளியை அலட்சியப்படுத்தக் கூடாது, போதிய அவகாசம் தராமல் கைவிடக் கூடாது என்கின்றன. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளை வெளியிட்டு, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்துவிட்டது. அதனால் மேஜையில் இருப்பது பழைய 2002-ம் ஆண்டுப் புத்தகம்தான்.

சம்மதம் என்பதன் எடையை உச்ச நீதிமன்றம் 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் நிறுத்துக் காட்டியது. டெல்லியில் ஒரு பெண் உள்நோக்கிப் பரிசோதனைக்குத்தான் ஒப்புக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, நினைவு தெளிந்த பிறகு கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்டது செல்லாது என்றது நீதிமன்றம். நம் ஊரில் புருஷன் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பொண்டாட்டியின் கட்டிலைத் தாண்டிப் போகிறவர்கள் இந்தத் தீர்ப்பைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

சொல்லாமல் விடுவதன் விலையை 2018 டிசம்பரில் சாத்தூர் காட்டியது. அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016-லேயே ரத்த வங்கிக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு அது சரியாகச் சொல்லப்படவில்லை. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் தெரிந்துகொண்டு, தானே ஓடிவந்து ரத்த வங்கியில் சொன்னவர் அவர். சொல்ல வேண்டிய கடமை கொண்டவர்கள் சொல்லாததை, எந்தக் கடமையும் இல்லாத ஒரு இளைஞர் சொன்னார். டெக்னீஷியன்கள் பணிநீக்க நடவடிக்கைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் வாயை மூடிக்கொள்ளும் கடமை. குப்பத்தில் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன், மச்சான். கிராம சுகாதார செவிலியர், ஊரார் வாயில் ‘நர்ஸம்மா’, எந்த வீட்டுக்கு எத்தனை முறை போகிறார் என்பதைத் திண்ணைகள் எண்ணிக்கொண்டே இருக்கும். கர்ப்பிணிக்குப் பிக்மி என்ற பதிவு எண் போடுவதில் தொடங்கித் தடுப்பூசி வரைக்கும் அவர் கையில் இருக்கும் பதிவேட்டில் ஒரு ஊரின் ரகசியமே இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. தடுப்புச் சட்டம், தொற்றுள்ளவரின் நிலையை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்வதைத் தடுக்கிறது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும் தடுக்கிறது. மீன் விற்கும் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கசிந்தால் மறுநாள் அவர் கூடையைச் சீண்ட ஆள் இருக்காது. அவ்வளவு பெரிய பொறுப்பை அவ்வளவு சின்னச் சம்பளத்தில் சுமக்கும் நர்ஸம்மாக்களுக்கு, இந்தச் சட்டத்தை யாராவது உட்கார்ந்து விளக்கிச் சொல்லியிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

எர்ணாவூரில் விலைபோன கிட்னிகள்

பழவேற்காட்டுக்குத் தெற்கே, அதே கடற்கரையில், எண்ணூரை அடுத்து எர்ணாவூர். 2004 சுனாமியில் வீடு இழந்த வடசென்னை மீனவர் குடும்பங்களைக் கொண்டுவந்து குடிவைத்த இடம். கடலை விட்டுத் தள்ளி வந்தார்கள், தொழிலுக்குப் போய்வரக் காசு வேண்டும், கடன் ஏறியது. 2007 ஜனவரியில் அந்தச் சுனாமிக் குடியிருப்புப் பெண்கள் வெளியே வந்து பேசினார்கள். இடுப்பில் தழும்பு. கிட்னி விற்றிருக்கிறார்கள். நூறு பேருக்கு மேல் என்று அப்போது செய்திகள் வந்தன. லட்சத்துக்கு மேல் தருவதாகச் சொன்ன புரோக்கர்கள் கையில் வைத்தது 40,000, 60,000 என்று பலர் சொன்னார்கள். வலியோடு வலை தூக்க முடியவில்லை, கூடை சுமக்க முடியவில்லை என்றார்கள். அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது.

நான் இதை ஏழைகளின் சோகக் கதையாக மட்டும் பார்க்கத் தயாராக இல்லை. புரோக்கர் கத்தி பிடிப்பதில்லை. ஒரு கிட்னி ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்குப் போக அறுவை சிகிச்சை நிபுணர், மயக்க மருந்து நிபுணர், நர்ஸ், லேப், மருத்துவமனை நிர்வாகம் எல்லாம் வேண்டும். 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டம், நெருங்கிய உறவினர் அல்லாதவர் கொடுப்பதானால் அன்பினாலோ பற்றினாலோ வேறு சிறப்புக் காரணத்தாலோ மட்டுமே கொடுக்கலாம், அதையும் அங்கீகாரக் குழு விசாரித்து அனுமதிக்க வேண்டும் என்கிறது. அறுவைக்கு முன் எல்லா விளைவுகளையும் ஆபத்துகளையும் கொடுப்பவருக்கு மருத்துவர் விளக்க வேண்டும் என்றும் சொல்கிறது. முன்பின் தெரியாத ஒரு பணக்கார நோயாளி மேல், சுனாமிக் குடிசையில் இருக்கும் ஒரு மீனவப் பெண்ணுக்கு எப்படித் திடீரென்று இவ்வளவு பாசம் வந்தது என்று வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவராவது வாய்விட்டுக் கேட்டிருந்தால், நூறு என்ற எண்ணிக்கை வந்திருக்காது. ஃபைலில் தாள்கள் ஒழுங்காக இருந்தன, அதனால் கேட்கவில்லை. தாள் ஒழுங்காக இருப்பதற்கும் மனசாட்சி ஒழுங்காக இருப்பதற்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது.

அடுத்த வருஷமே தமிழ்நாடு மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் திட்டத்தை ஒழுங்குபடுத்தியது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பேர் வாங்கியது. 2011-ல் திருத்திய சட்டம் உறுப்பு வணிகத்துக்கு 10 ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. இருந்தும் 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களின் பேர் அதே செய்தியில் அடிபட்டது. தொழில் மாறியிருக்கிறது, கடன் மாறவில்லை.

மேஜைக்கு அந்தப் பக்கம்

டாக்டர்களின் நியாயத்தையும் கேட்டாக வேண்டும். ஒரே ஆளாக இரவு டியூட்டி பார்க்கும் இளம் மருத்துவர், கூட்டமாக வந்து நிற்கும் ஊரைப் பார்த்தால் பயப்படத்தான் செய்வார். 2024 நவம்பரில் கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில், நோயாளியின் மகனே புற்றுநோய் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் கடும் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ‘நமக்கு எதற்கு வம்பு, அனுப்பிவிடலாம்’ என்ற எண்ணம் சோம்பலில் மட்டும் பிறப்பதில்லை, பயத்திலும் பிறக்கிறது.

அந்தப் பயத்துக்குச் சட்டமே ஒரு மருந்து வைத்திருக்கிறது. லூதியானாவில் 1995-ல் மூச்சுத் திணறிய நோயாளிக்குக் கொண்டுவந்த ஆக்சிஜன் சிலிண்டர் காலியாக இருந்தது, நோயாளி இறந்தார், டாக்டர்கள் மேல் கிரிமினல் வழக்கு. ஜேக்கப் மாத்யூ என்ற அந்த வழக்கில் 2005 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மருத்துவரைக் குற்றவாளி ஆக்க வேண்டுமானால் அலட்சியம் மிகப் பெரிய அளவில் இருந்திருக்க வேண்டும், வேறொரு தகுதியான மருத்துவரின் கருத்தைக் கேட்காமல் போலீஸ் நடவடிக்கையில் இறங்கக் கூடாது என்றது. 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவிலும், அலட்சியத்தால் மரணம் என்றால் மற்றவர்களுக்கு ஐந்து ஆண்டு வரை, சிகிச்சையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை என்று வித்தியாசம் வைத்திருக்கிறார்கள். நேர்மையாக முயன்று தோற்றவரை யாரும் சிறையில் போடப்போவதில்லை. பார்க்காமல் விட்டவர் கதை வேறு. 2022 நவம்பரில் வியாசர்பாடியைச் சேர்ந்த 17 வயது கால்பந்து வீராங்கனை இறந்தது கத்தி தவறியதால் அல்ல. முழங்கால் அறுவைக்குப் பிறகு இறுக்கிக் கட்டிய கட்டு ரத்த ஓட்டத்தை நிறுத்தியதை நேரத்தில் கவனிக்காமல் விட்டார்கள். காலை எடுத்தார்கள், உயிரும் போனது. இரண்டு மருத்துவர்கள் சஸ்பெண்ட் ஆனார்கள்.

குப்பத்தில் பலருக்கு முதல் டாக்டர் மெடிக்கல் ஷாப்காரர், இரண்டாவது டாக்டர் பட்டம் இல்லாமல் ஊசி போடுபவர். திருவள்ளூர் மாவட்டத்தில் போலி டாக்டர் கைது என்ற செய்தி அவ்வப்போது வருவதுதான். ஓமியோபதி படித்தவர் ஆங்கில மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில், படிக்காத வைத்தியத்தைச் செய்ததே அலட்சியம்தான், தனியாக நிரூபிக்கத் தேவையில்லை என்று 1996-ல் தீர்ப்பானது. ஆனால் இரவு 11 மணிக்குக் கதவைத் தட்டினால் திறக்கிறவர் அவர் ஒருவர்தான் என்றால் ஜனங்கள் அங்கேதான் போவார்கள். இதை அவர்களிடம் குற்றமாகச் சொல்லிப் பயனில்லை.

எங்கே போய்க் கேட்பது?

1995 நவம்பர் 13-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் மருத்துவத்தை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. பெரிய வெற்றி என்று பேசப்பட்டது. அதில் ஒரு ஓட்டை: எல்லோருக்கும் எல்லாமே இலவசம் என்று இருக்கும் ஆஸ்பத்திரி அதற்குள் வராது. ஓ.பி. சீட்டுக்கு வாங்கும் சில்லறை பணம் கொடுத்ததாக ஆகாது. ஆக, காசு கொடுத்து அப்போலோவுக்குப் போகிறவருக்கு நுகர்வோர் ஆணையம் உண்டு. அரசு ஆஸ்பத்திரியை நம்பும் கோரைக்குப்பத்துக்காரருக்கு அந்தக் கதவு இல்லை. அவர் சிவில் கோர்ட்டுக்கோ ரிட் மனுவோடு உயர் நீதிமன்றத்துக்கோ போக வேண்டும். அந்த வழியில் எவ்வளவு நாளாகும்? அவுரங்காபாத் அரசு ஆஸ்பத்திரியில் 1963-ல் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையின்போது வயிற்றுக்குள் துணியை விட்டுத் தைத்ததால் ஒரு பெண் இறந்தார். அரசுதான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். சட்டம் நியாயம் கொடுத்தது, பேரப்பிள்ளை காலத்தில்.

ஆனால் பலர் கவனிக்காத ஒரு வாசல் அதே சாந்தா தீர்ப்பில் இருக்கிறது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டினால் அது காசு கொடுத்த சேவைதான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை வைத்துத் தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொள்ளும் மீனவர், கையிலிருந்து ஒரு பைசா கொடுக்காவிட்டாலும் நுகர்வோர் என்று வாதாட இடம் இருக்கிறது. 2019 சட்டப்படி அவர் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருவள்ளூரிலேயே, மனுப் போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். முக்கியமாக, காப்பீட்டு அட்டை எண்ணோடு கூடிய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்க வேண்டும்.

அந்தத் தாளில்தான் பெரும்பாலான வழக்குகள் தோற்கின்றன. பாலிதீன் பையில் ரேஷன் கார்டோடு சுருட்டி வைத்த ஓ.பி. சீட்டு, ஒரு மழையில் மை கலைந்து போகும். எக்ஸ்ரே ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிடும். 2002 விதிகளின்படி உள்நோயாளியின் பதிவேடுகளை மருத்துவர் மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்த உறவினரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் வேண்டாம், முத்திரைத்தாள் வேண்டாம். வெள்ளைத்தாளில் பேர், சேர்ந்த தேதி, உள்நோயாளி எண், ‘என் சிகிச்சைப் பதிவேடுகளின் நகல் வேண்டும்’ என்ற ஒரு வரி, கீழே கையெழுத்தோ கைநாட்டோ போதும். கொடுக்க மறுத்தால் அரும்பாக்கத்தில் இருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலுக்கு அந்தக் கடிதத்தின் நகலோடு புகார் அனுப்பலாம். கடிதத்தைக் கொடுக்கும்போதே இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதி, நேரத்தோடு பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். 72 மணி நேரம் ஓடத் தொடங்குவது அந்தக் கையெழுத்திலிருந்துதான்.